இருநூறு வரை

நான்காவது அணுவில் விரல் நின்றது. முதல் மூன்றும் வழக்கமான வெள்ளணுக்கள், நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மறுபடியும் லிம்ஃபோசைட், பார்த்த மாத்திரத்தில் விரல் தானாக எண்ணும் கருவியில் அதனதன் கட்டையைத் தட்டிவிட்டது. நான்காவது பெரிதாக இருந்தது. நீலம் ஓரத்தில் மட்டும், சேலைக்கு மெல்லிய கரை போட்ட மாதிரி. மற்றதெல்லாம் கரு, கருவுக்குள் வெளிறிய இரண்டு ஓட்டைகள். பிளாஸ்ட். பெயர் சொல்ல எனக்கு அரை விநாடி ஆகாது, இருபத்திரண்டு வருஷமாக இந்த மைக்ராஸ்கோப் லென்சில் கண்ணை வைத்திருக்கிறேன். எலும்புக்குள்ளே மஜ்ஜையில் இருந்து முதிர்ந்த பிறகுதான் ஓர் அணு இரத்தத்துக்கு வரவேண்டும், பிஞ்சாகவே கூட்டமாக வெளியே வந்து திரிந்தால் அதற்கு இரத்தப் புற்று என்று பெயர். கடைசிக் கட்டையைத் தட்டினேன். அந்தக் கட்டை எப்போதுமே கொஞ்சம் இறுக்கம், அதிகம் தட்டுப்படாததால். பிளாஸ்ட் வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை, இந்த ஆராய்ச்சியில் பெரும்பாலானவர்கள் நோயாளிகள். ஐந்தாவது நியூட்ரோஃபில், ஆறாவது பிளாஸ்ட். ஆறாவதைத் தட்டும்போதுதான் கண்ணாடி ஞாபகம் வந்தது. ட்ரேயிலிருந்து இந்த ஸ்லைடை எடுத்தபோது இது வெறும் கண்ணாடி என்று பார்த்தேன், நம்ம ஸ்லைடு, சீக்கிரம் முடிந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன், எடுத்து வைத்து, லென்சில் தெளிவாகத் தெரிய ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். நம்ம ஸ்லைடு. அப்படியென்றால் இந்த பிளாஸ்ட் எங்களில் ஒருவருடையது.

எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் எந்த வரிசையில் இருந்தேன் என்பது போய்விடும். ஏழு, லிம்ஃபோசைட். எட்டு, லிம்ஃபோசைட். பிளேட்லெட்டுகளைத் தனியாக எண்ண வேண்டும், ஆனால் எண்ணாமலே தெரிகிறது, லென்ஸ் காட்டுகிற ஒரு வட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு என்று ஊதாப் பொடியாகச் சிதறிக் கிடக்க வேண்டியவை ஒன்று, இரண்டு, சில வட்டங்களில் ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷமாக இந்தப் பொடிக்காகத்தான் இத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறோம். பிளேட்லெட் குறைந்து வருகிறவர்களில் யாருக்கு அது பிளேட்லெட் நோயோடு நின்றுவிடும், யாருக்குப் பின்னால் லுகேமியா வரப்போகிறது, பிளேட்லெட்டின் அளவையும் வடிவத்தையும் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது டாக்டர் தனசிங் எபனேசரின் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் இரத்தமும் வேண்டும். காகிதத்தில் அவர்களுக்கு ஆரோக்கியமான தன்னார்வலர்கள் என்று பெயர், நடைமுறையில் அது லேப் ஆட்கள்தான், எந்த ஊர் லேபிலும் அப்படித்தான், கையெட்டும் தூரத்தில் இருக்கிற கை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் நான்கு பேர் கையை நீட்டினோம். டாக்டர், நான், ஆராய்ச்சி மாணவி நஸீமா, அட்டெண்டர் சுடலைமணி. அன்றைக்கு இரத்தத்தைத் தானாக எண்ணும் பெரிய மெஷின் பழுது, மெக்கானிக் மதுரையிலிருந்து வரவேண்டும், ஸ்லைடு மட்டும் போதும் என்றார் டாக்டர். ஓரம் தேய்த்த வெள்ளைப் பட்டை ஸ்லைடு தீர்ந்திருந்தது. அந்தப் பட்டையில்தான் பென்சிலால் எண் எழுதுவோம். பழைய அலமாரியில் வெறும் கண்ணாடி ஸ்லைடு ஒரு பெட்டி கிடந்தது, வைரமுனைப் பென்சிலால் அதில் எண்ணைக் கீறிக்கொண்டேன், எந்த எண் யாருக்கு என்று டாக்டர்தான் எழுதிக்கொண்டார், எனக்கு ஞாபகமில்லை. ஸ்லைடு ஸ்லைடுதானே என்று நினைத்தேன், டாக்டரிடம் சொல்லவில்லை. யாருடைய இரத்தம் என்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் எண்களைக் குலுக்கிப் போட்டு, பெயர்ப் பட்டியலை உறையில் ஒட்டி, டாக்டரின் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறது. நான் வெறும் கண்ணாடியில் நான்கு பேரையும் தனியாகப் பிரித்து அடையாளம் போட்டுக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு இது ஒரு தப்பாகவே தோன்றவில்லை.

பதினெட்டு, பிளாஸ்ட். பத்தொன்பது, பிளாஸ்ட். எண் எழுபத்துமூன்று. அது ஏன் ட்ரேயில் முதலாவதாக இருந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன், அறுபத்தொன்றிலிருந்து எண்பது வரை வரிசையாக இருக்க வேண்டிய ட்ரே. நேற்று நஸீமா இதை எண்ணித் திருப்பி வைத்தபோது மாறியிருக்கும். ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் தனித்தனியே இருநூறு அணு எண்ண வேண்டும், முடிக்கிறவரை ஒருவருக்கொருவர் வாய் திறக்கக் கூடாது, எண்ணிக்கையை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். நஸீமா முதல் ஆள், நான் இரண்டாவது ஆள். அப்படியானால் நேற்று சாயங்காலமே அவள் இதைப் பார்த்துவிட்டாள். வெறும் கண்ணாடி என்பதையும் பார்த்திருப்பாள், கண்ணில்லாதவளா. காலையில் அவள் நடந்துகொண்டதும் அப்படித்தானே இருந்தது. நான் வருவதற்கு முன்னாலேயே வந்து லென்சைத் துடைத்து வைத்திருந்தாள், அது அவள் வேலை இல்லை. எண்ணெய்க் குப்பி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. "வல்லியக்கா, இன்னைக்கு இந்த ட்ரேய முடிச்சிருவீங்கள்ல?" என்று கேட்டாள். முடிச்சிருவேன், என்ன அவசரம் என்றேன். "அவசரம் ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் கேட்டேன்." போகாமல் நின்றாள், என் நாற்காலி முதுகில் கையை வைத்துக்கொண்டு. "ராத்திரி நல்லாத் தூங்குனீங்களாக்கா?" என்றாள். மூன்று வருஷத்தில் இந்தப் பிள்ளை என்னிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டதில்லை. யாரிடம் அப்படிக் கேட்போம், யாருக்காக இரக்கப்படுகிறோமோ அவர்களிடம்.

இருபத்தாறு, லிம்ஃபோசைட். இடது தொடையில் இருக்கிற கருநீலம் இடித்ததால் வந்தது. பேருந்தில் இடித்துக்கொண்டேன், பாளை பஸ் ஸ்டாண்டு திரும்பும்போது கம்பியில். இடித்தது ஞாபகம் இருக்கிறதா என்றால், இடித்திருக்க வேண்டும் என்பதுதான் ஞாபகம் இருக்கிறது. எலுமிச்சம்பழ அகலம், ஓரம் மஞ்சள் பாரித்து இரண்டு வாரமாக ஆறாமல் இருக்கிறது. பல் தேய்க்கும்போது எச்சிலில் சிவப்பு வருகிறது, புது பிரஷ், முரட்டு பிரஷ். போன மாதம் நான்கு நாள் காய்ச்சல், ஊரெல்லாம் காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஒவ்வொரு நோயாளியும் இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தோடு வந்து நிற்பார், நான் ஊசியைத் தேடிக்கொண்டே தலையாட்டுவேன். ஆனால் டாக்டருக்கும்தான் போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து இரத்தம் வந்தது, கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு பாடத்தை நிறுத்தாமல் நடத்தினார், பிரஷர் என்றார். வயது ஐம்பத்தெட்டு. சுடலையண்ணனுக்கு எப்போதும் வெற்றிலை வாய், ஈறில் இரத்தம் வந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது, மத்தியானமானால் ஸ்டோர் ரூமில் தூங்குகிறார், முன்பு இவ்வளவு தூங்கமாட்டார். நஸீமா மெலிந்துவிட்டாள், ஆனால் அது நோன்பு, செவ்வாய்க்கிழமை இரத்தம் எடுத்தபோதும் அவள் நோன்புதான். "குடுத்தா முறியாதுக்கா, நான் கேட்டுட்டுதான் வந்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி வளையல் பட்டுக் கன்றியிருந்தது. வளையலைக் கழற்றி வை என்று நான்தான் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு வருவதுதான் முறை, பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது, வயது கூடக் கூட வாய்ப்பு கூடும். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் நான். அந்த மனிதர் எனக்கு வேலை கற்றுத் தந்தவர், என் மகனுக்குக் காலேஜ் இடம் கிடைத்தபோது கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். அவருடையதாக இருக்கட்டும் என்று விரல் கட்டையின் மேல் காத்துக்கொண்டிருக்கிறது. முப்பத்துமூன்று, பிளாஸ்ட்.

உள் அறையில் குழாய் ஓடுகிறது. சாயம் போட்ட ஸ்லைடுகளை நஸீமா கழுவுகிறாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், என் முதுகுக்குப் பின்னால். மெத்தனால் வாசம் வருகிறது. நாற்பது, நாற்பத்தொன்று. ஐம்பதுக்குப் பக்கத்தில் வரும்போது எனக்கு இன்னொன்று தோன்றியது, தோன்றியிருக்க வேண்டாம். நான்கு ஸ்லைடில் மூன்றை இழுத்தது நான். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து இன்னொரு கண்ணாடியால் ஒரே இழுப்பாக இழுத்தால் ஒரு பக்கம் தடித்துத் தொடங்கி மறுபக்கம் வாலாக மெலிந்து முடியும். என் இரத்தத்தை நானே எடுத்து நானே இழுக்க முடியாது, அதை எடுத்ததும் இழுத்ததும் நஸீமா. நஸீமா இடது கைக்காரி. எண்ணை நான் முன்கூட்டியே ஓர் ஓரத்தில் கீறி வைத்துவிடுவேன். நான் இழுத்தால் சொட்டு எண்ணுக்குப் பக்கத்தில் விழும், வால் எதிர் ஓரத்தில் போய் முடியும். அவள் இழுத்தால் தலைகீழ், வால் எண்ணில் வந்து முட்டும். வந்த புதிதில் இதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். எல்லாரும் எப்படி இழுக்கிறாங்களோ அப்படி இழு, பின்னால பார்க்கிறவங்களுக்குக் குழப்பம் என்று. "என் கை இப்படித்தான்க்கா போகுது, நான் என்ன செய்ய" என்பாள். சுடலையண்ணன் அவளுக்குப் பீச்சாங்கை டாக்டர் என்று பெயர் வைத்தார், அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் பெயரைத் தன் காபி டம்ளரில் எழுதி ஒட்டிக்கொண்டாள். ஆக, வால் எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும். எண்ணில் முட்டினால் என்னுடையது. முட்டாவிட்டால் என்னுடையதில்லை. ஸ்லைடை வைக்கும்போது சுடலையண்ணன் யாரோடோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், நான் அதைக் கேட்டுக்கொண்டே எண்ணை மட்டும் படித்தேன், படலம் மெலிதாகத் தெரிந்த இடத்தில் எண்ணெய் விட்டேன், எந்தப் பக்கம் தலை எந்தப் பக்கம் வால் என்று பார்க்கவில்லை. இப்போது லென்சிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தால் போதும். கண்ணுக்கும் ஸ்லைடுக்கும் ஒரு முழம் இருக்காது. ஐம்பத்தெட்டு, நியூட்ரோஃபில். ஐம்பத்தொன்பது, பிளாஸ்ட். நான் பார்க்கவில்லை. இருநூறு முடிகிறவரை பார்க்கக் கூடாது, யாருடையது என்று தெரிந்துகொண்டு எண்ணினால் அது எண்ணிக்கையே இல்லை. விதி நல்ல விதி. இத்தனை வருஷத்தில் ஒரு விதியை இவ்வளவு ஆசையோடு நான் பிடித்துக்கொண்டதில்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார், மகளுக்குப் பிளேட்லெட் குறைவு, ஒன்பது வயது. வாரத்துக்கு இரண்டு முறை இரத்தம் எடுப்போம். ஒரு நாள் மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அந்த அம்மா மட்டும் என் மேஜைக்கு வந்தார். "நீங்கதான எண்ணுதீக? கொஞ்சம் கூட்டி எண்ணுங்கம்மா" என்றார். கோபமாகக்கூட வரவில்லை எனக்கு, அப்படி எண்ணக் கூடாதும்மா, உள்ளதத்தான் எழுதணும் என்றேன், ரசீது எழுதுகிற குரலில். "உள்ளதுதான் எங்களுக்குத் தெரியுமே" என்றார். அந்த வாக்கியம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. எழுபத்தொன்பதாவது அணு பெரிதாக இருந்தது, கருவில் ஓட்டை ஒன்றுதான், அதுவும் மங்கல், நீலக் கரை கொஞ்சம் அகலம். லிம்ஃபோசைட் என்றும் சொல்லலாம். யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். லிம்ஃபோசைட் கட்டையைத் தட்டினேன். தட்டியபிறகு அதை மறுபடி பார்த்தேன், அது பிளாஸ்ட். இந்தக் கருவியில் அழிக்க வழியில்லை, திருத்த வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குத் திருப்பி முதலிலிருந்து எண்ண வேண்டும். நகர்த்திவிட்டேன். எண்பத்தேழிலும் அதையே செய்தேன், இந்தத் தடவை யோசிக்கக்கூட இல்லை. நூறாவது அணுவுக்குக் கருவி தானாக மணி அடிக்கும், கோயில் பூசாரி கைமணி மாதிரி ஒரு சின்ன ஒலி. அடித்தது. உள் அறையில் குழாய் நின்றது. மணிக்காகத்தான் நின்றதா, கழுவி முடித்துவிட்டாளா. எண்ணைப் பார்க்காமல் அடுத்த நூறுக்குள் நுழைந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் மறுபடி ஓடியது.

வீட்டில் எப்படிச் சொல்வது. என் வீட்டுக்காரர் முருகானந்தம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், எதையும் எங்கே அறுந்தது, எப்போது சரியாகும் என்று கேட்கிற மனிதர். எப்போது சரியாகும் என்பார். முதலில் மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும், இடுப்பெலும்பில் ஊசி, எத்தனை பேருக்குப் பக்கத்தில் நின்று காலைப் பிடித்திருக்கிறேன், கொஞ்சம்தான் வலிக்கும் என்று சொல்லியிருக்கிறேன், எனக்கு என்ன தெரியும். நூற்றுப் பன்னிரண்டு. கதவு திறந்தது, செருப்புச் சத்தம், சுடலையண்ணன். "வல்லியம்மா, டீ வச்சிருக்கேன், ஆறிப்போயிரும்." வச்சிட்டுப் போங்கண்ணே என்றேன். "தலைய நிமுத்தாமச் சொல்லுதீகளே, அப்படி என்னத்தக் கண்டீக உள்ள, புதையலா?" வேலையா இருக்கேன் என்றேன். அவர் போகவில்லை. "என் ரத்தத்த எப்பம்மா பாப்பீக? சுகர் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க." அது சுகருக்கு எடுத்தது இல்லண்ணே. "அப்ப எதுக்குக் குத்துனீக?" உங்க ரத்தம் நல்ல ரத்தம்னு எடுத்தோம். "அப்படியா? அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, வீட்டுக்காரிகிட்டக் காட்டணும், அவ வேற மாதிரில்லா சொல்லுதா." சிரித்தேன். சிரிப்பு எப்படியோ வந்தது, கண் லென்சிலேயே இருந்தது. அவர் கதவருகில் நின்று, "பீச்சாங்கை டாக்டரும் டீ வேண்டாங்கு. பெருநா முடிஞ்சி பத்து நாளாச்சி, இன்னும் நோன்பு புடிக்கியா தாயின்னு கேட்டேன். சிரிக்கா. சிரிச்சா அது பதிலா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போனார். அவருடையதாகவும் இருக்கலாம் என்று சற்று முன்னால் நினைத்தேன், மத்தியானத் தூக்கத்தை எடுத்து வைத்து வழக்குப் பேசினேன். இப்போது அந்தச் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்துபோகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினாறா, நூற்றுப் பதினேழா. கருவி காட்டும், ஆனால் கருவியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் ஸ்லைடும் கண்ணில் படும்.

நூற்று முப்பதைத் தாண்டி எங்கேயோ ஒரு நியூட்ரோஃபில் வந்தது, நான்கு மடல், அழகான அணு, இந்தக் கூட்டத்தில் ஒழுங்காக முதிர்ந்த ஒன்று. கட்டையைத் தட்டப் போனேன். கடைசி மடலிலிருந்து ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது, மெல்லிய காம்பில், குண்டூசித் தலை மாதிரி. பெண்களின் இரத்தத்தில் மட்டும் இருக்கும், அதுவும் நூறு நியூட்ரோஃபிலில் இரண்டு மூன்றில், ஆண்களுக்குக் கிடையாது. நஸீமா அதற்குக் கம்மல் என்று பெயர் வைத்திருக்கிறாள். கம்மல் போட்டுட்டு வந்திருக்காக்கா, வந்து பாருங்க என்று கூப்பிடுவாள், படிக்க வருகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பாள். ஃபோகஸ் திருகை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். தூசி இல்லை, சாயத் துளி இல்லை. கம்மல். டாக்டர் போய்விட்டார். சுடலையண்ணன் போய்விட்டார். நான்கு பேர் இரண்டு பேராகிவிட்டோம். நாற்பத்தேழு வயது ஒன்று, இருபத்தாறு வயது ஒன்று. நியூட்ரோஃபில் கட்டையைத் தட்டினேன். எனக்கு மகன் இருக்கிறான், படிப்பு முடியவில்லை. அவளுக்கு உம்மா மட்டும், அவள் ஆராய்ச்சிக் கட்டுரை ஆடி மாதம் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் யார் எடைபோடச் சொன்னது. எடை போட்டு யாரிடம் கொடுக்கப் போகிறேன், அது மூன்று வாரத்துக்கு முன்னாலேயே கண்ணாடியில் காய்ந்துவிட்டது. அவளாக இருக்கக் கூடாது என்று ஒரு தடவை நினைத்தேன், முழுமனதாகத்தான் நினைத்தேன், அடுத்த அணுவுக்கு நகர்கிறதற்குள் அந்த நினைப்பு எங்கோ வழுக்கி, நானாக இருக்கக் கூடாது என்றே ஓடிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்தாறு. அவளுடையதாக இருந்தால் காலையில் அப்படி வந்து நின்றிருக்க மாட்டாள். அழுதிருப்பாள், லீவு போட்டிருப்பாள். லென்சைத் துடைத்து வைத்திருக்க மாட்டாள். தூங்கினீர்களா என்று கேட்டது எனக்காகத்தான். வால் எண்ணில் முட்டுவதை அவள் நேற்றே பார்த்திருக்கிறாள், தன் கை இழுத்த இழுப்பு அவளுக்குத் தெரியாதா. முடிவு ஆகிவிட்டது. இனி எண்ண வேண்டியதுதான்.

முடிவு ஆனதும் கொஞ்சம் அமைதி வந்தது. நூற்று ஐம்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூறு வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை என்று சொல்லலாம். அணுக்கள் வந்தன, போயின. ஒரு பிளாஸ்டில் இளஞ்சிவப்பாக ஓர் ஊசி இருந்தது, துணியில் தைத்து மறந்துவிட்டது போல, அந்த ஊசி இருந்தால் எந்த வகை லுகேமியா என்பதுகூடத் தெரிந்துவிடும், அதற்கு மருந்து இருக்கிறது, கடினமான மருந்து, பாதிப் பேர் தேறுகிறார்கள், வயது குறைந்தவர்கள் அதிகம் தேறுகிறார்கள். பழக்கத்தில் ஸ்லைடை நகர்த்தும் திருகை இரண்டு பல் பின்னால் தள்ளி அந்த ஊசியை இன்னொரு தடவை பார்த்தேன். சந்தேகமான அணு ஒன்று வந்தது, பிளாஸ்ட் என்றே தட்டினேன். என்னுடையதென்று ஆனபிறகு ஏமாற்ற மனம் வரவில்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டு, லிம்ஃபோசைட். நூற்றுத் தொண்ணூற்றொன்பது, பிளாஸ்ட். இருநூறு. மணி அடித்தது. உள்ளே குழாய் நின்றது, இந்தத் தடவை திரும்ப ஓடவில்லை.

கண்ணை மூடிக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். கழுத்து வலித்தது. கண்ணைத் திறந்து முதலில் கருவியைப் பார்த்தேன், ஒவ்வொரு கட்டைக்கும் மேலே உள்ள எண்ணை வரிசையாகத் தாளில் எழுதினேன், பிளாஸ்ட் அறுபத்தொன்று, கூட்டினேன், இருநூறு வந்தது, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். பிறகு ஸ்லைடைப் பார்த்தேன். எழுபத்துமூன்று என்று என் கை கீறிய எண். எண்ணுக்குப் பக்கத்தில் படலம் தடித்து ஊதாவாக இருந்தது. வால் எதிர் ஓரத்தில், எண்ணெய்க்கு அப்பால், ஒழுங்காக மெலிந்து முடிந்திருந்தது. என் இழுப்பு. எல்லாரும் எப்படி இழுக்கிறார்களோ அப்படி. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், திருப்பியும் பார்த்தேன். அது என்னுடைய இரத்தம் இல்லை. முதலில் வயிறுதான் பேசியது. பசித்தது. பையில் தக்காளிச் சாதம் இருக்கிறது, முட்டை இருக்கிறது என்று ஞாபகம் வந்தது, தொடையில் இருந்த வலி வெறும் வலியாக, பஸ்ஸில் இடித்த வலியாக மாறியது. இடித்தது இப்போது தெளிவாக ஞாபகம் இருந்தது, கம்பி, திருப்பம், பக்கத்தில் நின்ற பெண்ணின் கூடை. ஆடை படிந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். தித்திப்பாக இருந்தது. டம்ளரை வைக்கும்போதுதான் காலை மறுபடி வந்து நின்றது. நாற்காலி முதுகில் கை. இன்னைக்கு முடிச்சிருவீங்கள்ல. வரிசை மாறி முதலில் இருந்த எழுபத்துமூன்று, அது தானாக மாறவில்லை. நேற்று சாயங்காலமே அவள் இருநூறு எண்ணியிருக்கிறாள், கம்மலைப் பார்த்திருக்கிறாள், வால் எந்தப் பக்கம் என்று பார்த்திருக்கிறாள். உறையை ஒட்டிவிட்டு மேலப்பாளையம் பஸ் ஏறி உம்மாவோடு சாப்பிட்டுப் படுத்து எழுந்து வந்து லென்சைத் துடைத்து வைத்திருக்கிறாள். ஒருவர் எண்ணிக்கை செல்லாது. இரண்டாவது ஆள் எண்ணுகிறவரை அது ஒன்றுமில்லை என்பதுதான் விதி. அவள் எனக்காக இரங்கவில்லை. ராத்திரி தூங்கின, தப்பாமல் எண்ணுகிற ஒரு கண் அவளுக்குத் தேவைப்பட்டது. அந்தக் கண்ணால்தான் எழுபத்தொன்பதையும் எண்பத்தேழையும் வேறு கட்டையில் தட்டினேன், எனக்காக.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நஸீமா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். இடது மணிக்கட்டில் வளையல் இல்லை.

"முடிஞ்சிதாக்கா?"

"முடிஞ்சிது."

மூன்று வருஷத்தில் அவள் கேட்காததை அப்போது கேட்டாள். "எத்தன?"

தாளை அவள் பக்கம் திருப்பினேன். பிறகு வாயாலும் சொன்னேன். "அறுபத்தொண்ணு."

"எனக்கு அறுபத்துமூணு" என்றாள்.

இரண்டு பேர் எண்ணிக்கைக்கும் பத்துக்குள் வித்தியாசம் என்றால் மூன்றாவது ஆள் பார்க்க வேண்டியதில்லை. அவள் பார்த்த இருநூறு வேறு, நான் பார்த்த இருநூறு வேறு, அப்படிச் சரியாக ஒத்துவரும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் குறைகிற இரண்டு எங்கே என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான் என்பதை என்னைவிட அவள் நன்றாகப் படித்தவள்.

"சார் பன்னெண்டு மணிக்கு கிளாஸ் முடிஞ்சி வருவாரு" என்றேன். "பட்டியல் அவர்கிட்டதான் இருக்கு. அதப் பாக்காம எதுவும் சொல்லக் கூடாது."

"சரிக்கா. அதுக்குள்ள புதுசா ஒரு சாம்பிள் எடுத்து வச்சிருவோம். மெஷின் இப்ப ஓடுதுல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். வெள்ளைப் பட்டை ஸ்லைடு வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். எழுந்து போய் ஊசியும் டியூபும் எடுத்து வந்தேன். ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கைல நல்லா நரம்பு தெரியும் என்று கேட்டேன், எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில்.

அவள் இடது கையை மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலது கைல எடுங்கக்கா" என்றாள். "இந்தக் கையால எனக்கு இன்னும் ஏழு ஸ்லைடு எண்ண வேண்டியிருக்கு."